மனு மேசையில் இருக்கும்போது விருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மனசு வராது. அதனாலேயே, அரசு அலுவலர்கள் உபசாரம் ஏற்பது பற்றிய விதிகள் இங்கே பலருக்கு உறுத்துகின்றன. "ஒரு வாய்ச் சோறு போடுவதும் லஞ்சமா?" என்று கேட்கிறார்கள்.

விதி அவ்வளவு கறார் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 13ஆவது விதியைப் பாருங்கள். எப்போதாவது ஒரு வேளைச் சாப்பாடு, வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்வது இதெல்லாம் பரிசுக் கணக்கில் வராது. ஆனால் அலுவல் தொடர்பு உள்ளவர்களிடம் ஆடம்பர விருந்தையும் அடிக்கடி விருந்தையும் தவிர்க்க வேண்டும். இலவசத் தங்கல் பரிசுதான். மாநில ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டு விதிகள் தனியே உண்டு.

கானாடுகாத்தான் பக்கம் ஒருவர் பழைய வீட்டை விடுதியாக்க மனுப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனுவைப் பார்க்கும் அதிகாரி சனிக்கிழமை குடும்பத்தோடு அங்கே தங்குகிறார். முற்றத்தைப் பார்த்த அறை. காலையில் வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி. புறப்படும்போது ஓலைக் கொட்டான் நிறைய மனகோலமும் சீப்புச் சீடையும். "நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க சார்." மனுவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சரி, திங்கட்கிழமை அதில் ஒரு குறை தெரிந்தால் அதை எழுத அவருக்குக் கை வருமா? அதே மனுவோடு வரிசையில் நிற்கும் அடுத்த தெருக்காரரை நினைத்தால்தான் எனக்கு வேதனை. உபசரிக்க அவரிடம் அப்படி ஓர் அறை இல்லை.

நம் கல்யாண வீடுகளில் மொய் ஒன்றுவிடாமல் நோட்டில் ஏறும். அதிகாரிக்குச் செய்த உபசாரம் எந்த நோட்டிலும் ஏறாது. கடன் மட்டும் நிற்கும்.

கொடுப்பவர்களும் கேளுங்கள். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. முறைகேடாகக் காரியம் முடிக்கக் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு; அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வற்புறுத்தலுக்குப் பணிந்து கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். புதிதாக அரசு வேலைக்கு வந்த பிள்ளைகள் "பில் போடுங்கண்ணே" என்று சொன்னால், கோபித்துக்கொள்ளாதீர்கள். காசை வாங்கிக்கொண்டு ரசீதைக் கையில் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.