வைக்கோலுக்குக் கவலைப்பட்ட மன்னர்

நேயர்களுக்கு வணக்கம்.

சத்ரபதி சிவாஜி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பாயும் குதிரை, உருவிய வாள், கூர்மையான தாடி. சிலைகளிலும் காலண்டர்களிலும் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். எனக்கு நினைவுக்கு வருவது அவர் எழுதிய ஒரு கடிதம். முப்பது வருடமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி வருகிறேன், இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

மகாராஷ்டிரக் கடலோரமான கொங்கணத்தில் சிப்ளூண் என்று ஓர் ஊர். அந்தப் பக்கம் அவருடைய குதிரைப்படை முகாம் போட்டிருந்தது. மழைக்காலம் நெருங்குகிறது. படை அதிகாரிகளுக்குக் கடிதம் போகிறது. சண்டையைப் பற்றியா? இல்லை, வைக்கோலைப் பற்றி. இருக்கிற தானியத்தையும் புல்லையும் இஷ்டத்துக்குச் செலவழித்தால் நடு மழையில் தீர்ந்துபோகும், குதிரைகள் பட்டினியில் சாகும் என்கிறார். அப்புறம் என்ன செய்வீர்கள்? குடியானவர் வீட்டுக்குப் போவீர்கள். ஒருவன் தானியம் எடுப்பான், ஒருவன் ரொட்டி, ஒருவன் விறகு, ஒருவன் காய்கறி. அந்த ஏழைகள், உங்களைவிட முகலாயரே தேவலை என்று நினைப்பார்கள். இதைச் சொல்பவர் முகலாயரை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள்!

இன்னும் இருக்கிறது. கண்ட இடத்தில் அடுப்பு மூட்டாதீர்கள், வைக்கோல் அருகே புகை பிடிக்காதீர்கள் என்கிறார். இரவில் விளக்கை எரியவிட்டுத் தூங்காதீர்கள். எலி எரிகிற திரியைக் கவ்விக்கொண்டு ஓடும், வைக்கோல் பற்றிக்கொள்ளும் என்கிறார். எலி! ராய்கட் கோட்டையில் 1674இல் முடிசூடிய மன்னர், எங்கோ ஒரு லாயத்தில் ஓடும் எலி வரைக்கும் யோசித்திருக்கிறார். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். எங்கள் வைக்கோல்போர் பக்கத்தில் பீடி பற்றவைத்த ஒருவரை என் தாத்தா தெருமுனை வரை விரட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு போர் எரிந்தால் அந்த வருடம் மாட்டுக்குத் தீனி இல்லை.

இதற்குப் பொருத்தமாகத்தான் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1869இல் சிவாஜியைப் பாடியபோது 'குளவாடி பூஷணம்' என்றார். குடியானவர்களுக்கு அணிகலன் என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த பட்டம் அது. பிறகு 1890களில் திலகர் ராய்கட்டில் சிவாஜி விழா எடுத்தார். அது சுதந்திரப் போராட்டத்துக்கு உரம் சேர்த்தது. இப்போது மகாராஷ்டிரத்தில் ஒவ்வொரு பிப்ரவரி 19ஆம் தேதியும் ஊர்வலம், மேளம், மாலை. எல்லாம் வேண்டியதுதான். அந்த மேடைகளில் யாராவது ஒருவர் இந்தக் கடிதத்தையும் வாசிக்க வேண்டும். வாளைப் பார்க்கும் பிள்ளைகள் வைக்கோலையும் கேட்கட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். செஞ்சியைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக. 1677இல் அவர் செஞ்சியைப் பிடித்தார். பின்னாளில் அவர் மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பி வந்து, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அங்கிருந்துதான் போராடினார். 2025இல் மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே போனால் எல்லோரும் நேராக ராஜகிரி மலை ஏறப் போய்விடுகிறார்கள். ஏறும் முன் கீழே இருக்கும் நெற்களஞ்சியத்துக்குள் ஒரு ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். வணக்கம்.