விற்பனை கூடினால் கம்பெனி வளர்ந்துவிட்டதா?

நேயர்களுக்கு வணக்கம். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி ஆண்டுக் கணக்கை வெளியிட்டதும் முதலில் நம் கண்ணில் படுவது, போன வருடத்தைவிட விற்பனை இத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்ற வரிதான். அதை மட்டும் பார்த்துப் பங்கு வாங்குகிறவர்கள் உண்டு. நான் அந்த வரியைக் கடைசியாகத்தான் படிப்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். அலுமினியத்தை உருக்கி வார்த்த ஒரு பாகம், விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உலோகம் 60, கூலி, மின்சாரம், தேய்மானம் (இயந்திரத்தின் விலையை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவில் எழுதுவது) எல்லாம் சேர்த்து 30, மிச்சம் 10 லாபம். அலுமினியம் 20 சதவீதம் ஏறுகிறது, 60 என்பது 72 ஆகிவிடுகிறது. உலோகம் ஏறினால் அந்த ஏற்றத்தைக் கூட்டித் தருவோம், இறங்கினால் கழித்துக்கொள்வோம் என்பது கார் கம்பெனிகள் போடும் ஒப்பந்தங்களில் சகஜம், அதனால் பாகத்தின் விலை 112. பார்த்தீர்களா, 12 சதவீத வளர்ச்சி! ஒரு பாகம்கூட அதிகமாகச் செய்யவில்லை, லாபமும் அதே 10தான், லாப விகிதம் மட்டும் 9 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. உலோகம் இறங்கும் வருடத்தில் இது அப்படியே தலைகீழாகும், விற்பனை சரியும், விகிதம் அழகாகத் தெரியும், நிர்வாகமும் தங்கள் செலவுக் கட்டுப்பாட்டைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதும்.

அதோடு, இந்த விலைத் திருத்தம் உடனே வந்துவிடாது. பல ஒப்பந்தங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். நடுவில் உலோகம் ஏறினால் அந்தச் சுமை உதிரிபாகக்காரர் தலையில். அது போதாதென்று, உற்பத்தி பழகப் பழக உங்களுக்குச் செலவு குறையுமே, அதனால் வருடாவருடம் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று கார் கம்பெனி கேட்கும். கேட்கும் என்பது மரியாதைக்குச் சொல்வது, கையெழுத்துப் போடும்போதே அந்த நிபந்தனை உள்ளே இருக்கும். ஒரு உதிரிபாகக் கம்பெனியின் வருடம் நன்றாக இருந்ததா என்பதில் பாதி அதன் வாடிக்கையாளர் வாசலில்தான் தீர்மானமாகிறது. 2021இல் சிப் தட்டுப்பாடு வந்து உலகம் முழுக்கக் கார் உற்பத்தி தடுமாறியபோது, சீட் செய்கிறவர்களுக்கும் கண்ணாடி செய்கிறவர்களுக்கும்கூட ஆர்டர் குறைந்தது. அவர்கள் பொருளில் ஒரு குறையும் இல்லை. கார் உற்பத்தி வரிசை நின்றால் எல்லாருக்கும் நின்றதுதான், ஆனால் சம்பளமும் தேய்மானமும் நிற்காது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 1997 பிப்ரவரியில் ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலை ஒன்று தீப்பிடித்தது. பிரேக்கில் போகும் ஒரு சின்ன வால்வு, டொயோட்டாவுக்குத் தேவையானதில் ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது, கையிருப்போ மிகக் குறைவு. டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகள் சில நாட்கள் முடங்கின. ஆண்டறிக்கையில் ஒரே வாடிக்கையாளரிடம் பாதிக்கு மேல் விற்பனை என்று பார்த்தால் ரெண்டு பக்கமும் யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

சரி, லாபம் வந்தது, பணம் வந்ததா? இதுதான் நான் அதிக நேரம் செலவிடும் இடம். வருடக் கடைசியில் சரக்கை அவசர அவசரமாக அனுப்பினால் விற்பனையும் கூடும், வரவேண்டிய பாக்கியும் கூடும். அதனால் லாபத்துக்குப் பக்கத்திலேயே தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கம் எவ்வளவு என்று வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு வருடத்துக்கு மட்டுமல்ல, மூன்று நான்கு வருடத்துக்குச் சேர்த்து. லாபம் ஏறிக்கொண்டே இருந்து ரொக்கம் கூடவே வரவில்லை என்றால், குடோனில் விற்காத சரக்கு கிடக்கிறதா, வாடிக்கையாளர் இழுத்தடிக்கிறாரா என்று தேடுங்கள். டூலிங் வருமானத்தையும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். புது மாடலுக்கு அச்சும் கருவியும் செய்துகொடுத்து வாங்கும் பணம் அது, ஒரு வருடம் கொட்டும், அடுத்த வருடம் இருக்காது.

விற்ற பாகம் பழுதானால் ஈடுகட்ட, உத்தரவாதத்துக்காக ஒதுக்கும் தொகையை யாரும் படிப்பதில்லை. டகாடா என்ற ஏர்பேக் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள், ஈரமும் வெப்பமும் பட்டுக் கெட்டுப்போகும் அமோனியம் நைட்ரேட்டை வைத்து ஏர்பேக்கை ஊதவைத்தார்கள், கோடிக்கணக்கான ஏர்பேக்குகளைத் திரும்பப் பெறவேண்டி வந்து 2017 ஜூனில் திவால் மனு போட்டார்கள். பாகம் விற்றுப் பல வருடம் கழித்து வந்த பில் அது.

கடைசியாக மின்சார வண்டி. பிஸ்டன், வால்வு, சைலன்சர் செய்கிறவர்களுக்கு ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது பிரேக் பேட். மின்சார வண்டியிலும் பிரேக் இருக்கிறது, ஆனால் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே பெரும்பங்கைச் செய்துவிடுவதால் பேட் மெதுவாகத்தான் தேய்கிறது. கார் கம்பெனிக்கு விற்பதைவிட நேராகக் கடைக்குப் போகும் மாற்றுப் பாகங்களில்தான் பொதுவாக லாபம் அதிகம், அடி விழுவது சரியாக அங்கேதான். அதனால் இந்த வருடம் புது இயந்திரங்களுக்குப் போட்ட முதலீடு எந்தப் பாகத்துக்கு என்று பாருங்கள். அறிக்கையின் முன்பக்கத்தில் மின்சார வண்டியின் படம் போட்டிருப்பார்கள், பணம் எங்கே போயிருக்கிறது என்பது பின்னால் குறிப்புகளில் சின்ன எழுத்தில் இருக்கும்.