அந்த 5 ரன் யாருக்குப் போகிறது?

வணக்கம். ஸ்கோர் எழுதுகிறவர்களும் நடுவர் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் சட்டப் புத்தகத்தை வாசித்துக் காட்டினால் எழுந்து போய்விடுவீர்கள். ஒரு அணி செய்த தப்புக்காக எதிரணிக்குக் கொடுக்கிற 5 ரன், அதாவது பெனால்டி ரன் என்று ஒன்றை ஏன் வைத்தார்கள் என்பதை மட்டும் பேசுகிறேன்.

2024 பிப்ரவரி, ராஜ்கோட் டெஸ்ட். இந்தியா முதல் இன்னிங்ஸில் 445. இங்கிலாந்து இன்னும் ஒரு பந்துகூட ஆடவில்லை, அதற்குள் ஸ்கோர்போர்டில் விக்கெட் இழப்பின்றி 5! கொடுத்த புண்ணியவான் நம்ம சென்னை அஸ்வின். பேட்டிங் செய்யும்போது பிட்ச்சின் நடுவே ஓடிவிட்டார். முதல் நாளே ஜடேஜா அதைச் செய்து எச்சரிக்கை வாங்கியிருந்தார். எச்சரிக்கை ஆளுக்கு அல்ல, அணிக்கு. அதனால் இரண்டாவது தடவை நேராக 5 ரன்.

பேட்டிங் கிரீஸிலிருந்து 5 அடி தள்ளி, நடு ஸ்டம்பை ஒட்டி 2 அடி அகலத்துக்கு ஒரு பட்டை. அதில்தான் பந்து விழும். அங்கே ஸ்பைக்ஸ் ஷூ போட்டுக்கொண்டு மிதித்தால் மண் பெயரும். நாலாவது நாள் அந்த மண்ணில் பந்து திரும்பும். திருப்பப் போகிறவர் யார்? அதே அஸ்வின், அதே ஜடேஜா. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டமும் அதைக் கேட்பதில்லை. தவிர்த்திருக்கலாம் என்றாலே போதும். அந்தப் பள்ளத்தால் எத்தனை விக்கெட் கூடுதலாக விழும் என்று எந்த நடுவராலும் அளந்து சொல்ல முடியாது. அதனால்தான் அளக்காமலே ஒரு நிலையான தொகையை வைத்தார்கள்.

சரி, அபராதம் போட்டால் போதாதா? போதாது. சம்பளத்தில் பிடிக்கிற பணம் எதிரணிக்கு வராது. ஆட்டம் முடிந்த பிறகு வருகிற தடை அடுத்து ஆடப்போகிற வேறு யாருக்கோ லாபம். இன்றைக்கு, இந்த மைதானத்தில் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன கிடைத்தது? பீல்டிங் அணி தரையில் வைத்த ஹெல்மெட்டில் பந்து பட்டால் 5 ரன் என்பது முன்பே இருந்ததுதான். கிரிக்கெட் சட்டங்களுக்குப் பொறுப்பான எம்.சி.சி. 2000-இல் அவற்றைப் புதிதாக எழுதியபோது பந்தைச் சேதப்படுத்துவது போன்றவற்றுக்கும் அதை விரித்தார்கள். என்னைக் கேட்டால், கிரிக்கெட்டில் இதைவிட நேர்மையான தண்டனை கிடையாது.

ஆனால் ஒரு குறை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே விலை. 2022-இல் முல்தானில் பாகிஸ்தானின் பாபர் ஆசம், விக்கெட் கீப்பர் ரிஸ்வானின் கிளவுஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு பந்தைப் பிடித்தார். வெஸ்ட் இண்டீஸுக்கு 5. பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். 2006-இல் ஓவலில் பாகிஸ்தான் பந்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி நடுவர்கள் ஹேரும் டாக்ட்ரோவும் இங்கிலாந்துக்குக் கொடுத்ததும் அதே 5. பாகிஸ்தான் முதல் இன்னிங்ஸில் 331 ரன் முன்னிலை பெற்றிருந்த அணி. 5 ரன் அவர்களுக்கு ஒரு பொருட்டா? அந்த 5-க்குப் பின்னால் 'நீங்கள் ஏமாற்றுக்காரர்கள்' என்ற தீர்ப்பு இருந்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு கேப்டன் இன்சமாமின் அணி களமிறங்கவில்லை. டெஸ்ட் வரலாற்றில் முதன்முறையாக, ஆட வராததால் ஒரு அணி தோற்றதாக அறிவிக்கப்பட்டது. பிறகு நடந்த விசாரணையில் பந்து விவகாரத்தில் இன்சமாம் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று.

ஆட்டத்தைப் பொறுத்தும் எடை மாறும். ராஜ்கோட்டில் இந்தியா 434 ரன்னில் ஜெயித்தது, அங்கே 5 என்பது தூசு. அதே ஆண்டு டி20 உலகக் கோப்பையில், நியூயார்க்கில், ஓவருக்கு இடையே 60 வினாடிக்கு மேல் மூன்று முறை எடுத்துக்கொண்டது அமெரிக்கா. இந்தியாவுக்கு 30 பந்தில் 35 தேவை என்றிருந்தது, ஒரே நொடியில் 30 பந்தில் 30 ஆனது.

அப்புறம், ஸ்கோரர்களுக்கு ஒன்று. நடுவர் ஒரு கையால் எதிர்த்தோளைத் தட்டிக்கொண்டே இருந்தால் ரன் பேட்டிங் அணிக்கு. கையை அப்படியே தோளில் வைத்திருந்தால் பீல்டிங் அணிக்கு. பேட்டிங் அணிக்கு வந்ததை உதிரியில் (எக்ஸ்ட்ராஸ்) எழுதுங்கள். பவுலர் கணக்கில் ஏற்றாதீர்கள், பாவம், பின்னால் ஹெல்மெட் வைத்தது அவர் இல்லை.

இதெல்லாம் நடுவர் கண்ணில் பட்டால்தான். 2022 டி20 உலகக் கோப்பையில் அடிலெய்டில், கையில் பந்தில்லாமலே கோலி எறிவதுபோல் பாவனை செய்தார் என்று ஆட்டம் முடிந்தபின் வங்கதேசத்தின் நூருல் ஹசன் புகார் சொன்னார். அந்தப் போலி பீல்டிங்குக்கும் 2017 முதல் 5 ரன் உண்டு. நடுவர்கள் எதுவும் கொடுக்கவில்லை. அன்று இந்தியா ஜெயித்த வித்தியாசம் 5 ரன்.