ஆப்-ஆம்ப் வேகமாகணும், பேட்டரியும் தாங்கணும்

வணக்கம் மக்களே. பின்னால் இரைச்சல் கேட்டால் மைக்கைத் திட்டாதீர்கள். அது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, கொழிஞ்சாம்பாறையில் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும்.

சித்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். நம்ம பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திராக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தோப்பில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் சென்சாரால் பார்க்கிறார். அதன் சின்னச் சிக்னலைப் பெருக்கித் தருகிற ஐசிதான் ஆப்-ஆம்ப், எல்எம்358 அதில் ஒரு பழைய வகை. அங்கே கரண்ட் லைன் கிடையாது, ஒரு லித்தியம் செல்தான். "அண்ணா, எல்எம்358 போட்டால் சைன் வேவ் முக்கோணமாக வருகிறது. வேகமான ஐசி போட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. என்ன பண்ண?"

முதலில் ஸ்கோப்பைப் பாருங்கள், அதாவது சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை. மேலே இருப்பது உள்ளே போகிற சிக்னல், உச்சி உருண்டையாக இருக்கிறது. கீழே இருப்பது வெளியே வருவது. ஏறுவதும் இறங்குவதும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறதா? இது ஸ்லூ ரேட் பற்றாக்குறை, அதாவது அவுட்புட் வோல்டேஜ் ஒரு மைக்ரோசெகண்டில் எவ்வளவு மாற முடியும் என்ற வேகம் போதவில்லை. சைன் வேவுக்குக் கணக்கு சுலபம்: 2 பெருக்கல் பை பெருக்கல் அதிர்வெண் பெருக்கல் உச்ச வோல்டேஜ். 40 கிலோஹெர்ட்ஸில் 1.5 வோல்ட் உச்சம் வேண்டுமென்றால் மைக்ரோசெகண்டுக்கு 0.38 வோல்ட் வேண்டும். பழைய எல்எம்358 தருவது சுமார் 0.3. அவ்வளவுதான் அதால் முடியும்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? ஐசிக்குள்ளே ஒரு காம்பென்சேஷன் கெபாசிட்டர் இருக்கிறது. முதல் ஸ்டேஜுக்கு ஒதுக்கிய கரண்ட்தான் அதை நிரப்ப வேண்டும், அதை டெயில் கரண்ட் என்பார்கள். குழாய் சிறியது, குடம் பெரியது என்றால் நிரம்ப நேரமாகும், அதே கதைதான். 1968இல் ஃபேர்சைல்டு கம்பெனியில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741 என்கிற ஆப்-ஆம்பில் இந்தக் கெபாசிட்டர் 30 பிகோஃபாரட், டெயில் கரண்ட் சுமார் 15 முதல் 20 மைக்ரோஆம்ப். வகுத்துப் பாருங்கள், டேட்டாஷீட்டில் இருக்கிற மைக்ரோசெகண்டுக்கு 0.5 வோல்ட் பக்கத்தில் வந்து நிற்கும்.

அப்போ கெபாசிட்டரைச் சின்னதாக்கிவிடலாமே என்று தோன்றும். அது சும்மா வைக்கப்பட்டதில்லை, அவுட்புட்டில் ஒரு பங்கை இன்புட்டுக்குத் திருப்பி ஃபீட்பேக் போட்டதும் ஐசி ஊளையிடாமல் காப்பதே அதுதான். ஆனால் இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது, பலபேர் கவனிப்பதில்லை. ஓபி27, ஓபி37 என்ற இரண்டு ஆப்-ஆம்பையும் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே டிசைன், இழுக்கிற கரண்டும் ஒன்றுதான். முதலாவதின் கெயின்-பேண்ட்வித் 8 மெகாஹெர்ட்ஸ் (கெயின், அதாவது சிக்னல் பெருகுகிற மடங்கு, அதை அதிர்வெண்ணால் பெருக்கினால் இதைத் தாண்டக் கூடாது), ஸ்லூ ரேட் மைக்ரோசெகண்டுக்கு 2.8 வோல்ட். இரண்டாவது 63 மெகாஹெர்ட்ஸ், 17 வோல்ட். காம்பென்சேஷனைக் குறைத்ததுதான் வித்தியாசம். பதிலுக்கு ஒரே நிபந்தனை, கெயின் 5க்குக் கீழே போகக் கூடாது. கெயின் 10 வைத்து ஓட்டுகிறவருக்கு இது இலவச வேகம். கெயின் 1 வைத்து பஃபராகப் போட்டால் மட்டும் அவுட்புட் தானாகவே மேலும் கீழும் ஆடும்.

ஐசி வடிவமைக்கிறவர்கள் இன்னொரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சிக்னல் அமைதியாக இருக்கும்போது டெயில் கரண்டைக் குறைவாக வைப்பது, இரண்டு இன்புட்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வந்தால் மட்டும் தானாக ஏற்றிவிடுவது. அடாப்டிவ் பயாஸ் என்பார்கள். எரிக் விட்டோஸும் கூட்டாளிகளும் 1982லேயே சிமாஸ் (CMOS) வகை ஐசியில் செய்து காட்டினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இது. ஆனால் கரண்ட் ஏற ஏற இன்னும் கரண்டைக் கூட்டுகிற பாசிட்டிவ் ஃபீட்பேக் உள்ளே இருக்கிறது. அளவு மீறினால் கட்டுக்குள் நிற்காது. 

சரி, நம்ம தொட்டிக்கு வருவோம். எம்சிபி6002, எம்சிபி6022 என்ற இரண்டு ஆப்-ஆம்ப் ஐசியையும் பக்கத்தில் வையுங்கள். முதலாவது உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஆப்-ஆம்புக்கும் 100 மைக்ரோஆம்ப் கரண்ட் இழுக்கும், கெயின்-பேண்ட்வித் 1 மெகாஹெர்ட்ஸ், ஸ்லூ ரேட் மைக்ரோசெகண்டுக்கு 0.6 வோல்ட். இரண்டாவது 1 மில்லிஆம்ப், 10 மெகாஹெர்ட்ஸ், 7 வோல்ட். ஓபி37 மாதிரி காம்பென்சேஷனைக் குறைக்காவிட்டால் பத்து மடங்கு வேகத்துக்குப் பத்து மடங்கு கரண்ட், பேரம் பேசவே முடியாது.

ஆனால் பத்து மடங்கு நமக்கு எதற்கு? தம்பிக்கு மொத்தம் 100 கெயின் வேண்டும். ஒரே ஸ்டேஜில் எடுத்தால் 40 கிலோஹெர்ட்ஸ் பெருக்கல் 100, 4 மெகாஹெர்ட்ஸாவது வேண்டும், 6022தான் கதி. பத்து, பத்து என்று இரண்டு ஸ்டேஜாகப் பிரித்தால் 6002வின் 1 மெகாஹெர்ட்ஸிலேயே ஒவ்வொன்றுக்கும் 100 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கிறது, நமக்கு வேண்டியது 40தான். 6002வில் இரண்டு ஆப்-ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது. மொத்தம் 200 மைக்ரோஆம்ப். 3.3 வோல்ட் சப்ளையில் உச்சம் 1.6 வோல்ட்டைத் தாண்டாது, அதற்கு ஸ்லூ ரேட் 0.4 போதும், 0.6 இருக்கிறது. இதோ ஸ்கோப்பில், உச்சி உருண்டையாக வந்துவிட்டது.

இன்னும் மிச்சம் பிடிக்கலாம். சென்சாரிலிருந்து தொட்டியின் அடி ஒன்றரை மீட்டர் என்றால் ஒலி போய்த் திரும்ப 9 மில்லிசெகண்ட் போதும். நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்தால் ஆம்புக்கு மீதி நேரமெல்லாம் எதற்குச் சாப்பாடு? சப்ளையை மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு காலிலிருந்தே கொடுங்கள், 200 மைக்ரோஆம்பை அது தாராளமாகத் தரும். அளக்கும்போது மட்டும் ஆன்.

இங்கேதான் பலரும் மாட்டுவார்கள். சிக்னல் மேலும் கீழும் போக நடுப்புள்ளியாக சப்ளையில் பாதி வோல்டேஜ் எடுக்கிற இடத்தில் இரண்டு 100 கிலோஓம், ஒரு 10 மைக்ரோஃபாரட் என்று பழக்கத்தில் போட்டுவிடுவோம். அது அரை செகண்ட் டைம் கான்ஸ்டன்ட், அடங்க இரண்டரை செகண்ட் ஆகும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள், 25 மில்லிசெகண்டில் நிலைக்கு வந்துவிடும்.

கடைசியாக, தொட்டியிலிருந்து ஷெட்டுக்கு ஷீல்டு ஒயர் இழுக்கிறீர்கள் அல்லவா? பத்து மீட்டர் என்றாலே சுமார் 1000 பிகோஃபாரட் அவுட்புட்டில் தொங்கும், ஆம்ப் ஆட ஆரம்பிக்கும். அவுட்புட் காலை ஒட்டியே ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். ஒயரின் அந்த முனையில் போட்டால் பிரயோஜனமில்லை. சர்க்யூட் படம் கீழே டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. தம்பி, மாற்றிப் பார்த்துவிட்டு ஸ்கோப் படம் அனுப்புங்கள்.