ஒரே விசாவில் ஸாக்ரெப்பும் ஆன்சியும்

நண்பர்களே, வணக்கம். ஐரோப்பாவில் எந்த அனிமேஷன் விழாவுக்குப் போகலாம் என்று யாரைக் கேட்டாலும் பிரான்ஸின் ஆன்சி என்று ஒரே ஊரைத்தான் சொல்வார்கள். போக வேண்டிய ஊர்தான். ஆனால் அவ்வளவு செலவு செய்து கிளம்புகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே கிளம்பி, முதலில் குரோஷியாவின் ஸாக்ரெப்புக்குப் போய்விட்டு, அங்கிருந்து ஆன்சிக்கு வாருங்கள். இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

முதலில், விழாவுக்கு எதற்குப் போக வேண்டும்? முழுநீளப் படங்கள் எப்படியாவது திரையரங்குக்கோ ஓடிடிக்கோ வந்து சேர்ந்துவிடும், குறும்படங்களுக்கு அந்த வழி கிடையாது. ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து மணலிலோ களிமண்ணிலோ பென்சிலிலோ செய்த பத்து நிமிடப் படத்தைப் பெரிய திரையில், நல்ல ஒலியோடு, நிறைந்த அரங்கில் பார்க்கக் கிடைப்பது அநேகமாக விழாக்களில் மட்டும்தான், அதற்குப் பிறகு அது ஃபோனுக்குள் போய்விடும். அதனால் எந்த விழாவுக்குப் போனாலும் குறும்படப் போட்டித் திரையிடல்களை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஸாக்ரெப் விழா, அதாவது அனிமாஃபெஸ்ட், 1972-ல் தொடங்கியது. அனிமேஷனுக்கென்றே நடக்கும் விழாக்களில் ஆன்சிக்கு அடுத்து மூத்தது இதுதான். அந்த ஊரில் இப்படி ஒரு விழா முளைத்ததற்கு வலுவான காரணம் உண்டு. 1950-களில் ஸாக்ரெப் ஃபிலிம் ஸ்டுடியோவில் கூடிய ஓவியர்களிடம் டிஸ்னி அளவுக்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு நொடிக்கு இத்தனை ஓவியம் வரைந்தே தீர வேண்டும் என்ற கணக்கை விட்டுவிட்டு, குறைந்த ஓவியங்கள், தட்டையான வடிவங்கள், கூர்மையான நகைச்சுவை என்று தங்களுக்கென ஒரு பாணியைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த துஷான் வுக்கோட்டிச் 1961-ல் எடுத்த ‘சுரோகாட்’ அடுத்த வருஷம் ஆஸ்கர் வாங்கியது. அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் அமெரிக்காவுக்கு வெளியே போனது அதுதான் முதல் தடவை. பணம் இல்லாமல் படம் எடுக்க நினைக்கும் ஒவ்வொரு மாணவரும் பார்க்க வேண்டிய ஊர் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். விழாவும் கைக்கு அடக்கமானது. காலையில் உங்களை உலுக்கிய படத்தை எடுத்தவர் சாயங்காலம் அரங்க வாசலில் நின்றுகொண்டிருப்பார், போய்ப் பேசலாம்.

ஆன்சி வேறு உலகம். பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஏரிக்கரை ஊர், ஜெனீவாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கான் விழாவின் நிழலில் நடந்துகொண்டிருந்த அனிமேஷன் திரையிடல்கள் 1960-ல் தனியே பிரிந்து இங்கே வந்தன. ரொம்ப காலம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் நடந்தது, 1990-களின் கடைசியிலிருந்துதான் வருஷா வருஷம். 1985 முதல் மிஃபா என்ற படச் சந்தையும் கூடவே நடக்கிறது. பெரிய ஸ்டுடியோக்கள், விநியோகஸ்தர்கள், வேலை தேடும் மாணவர்கள் என்று எல்லாரும் வந்து இறங்குவதால் ஜூனில் அந்தச் சின்ன ஊர் தேர்த்திருவிழா மாதிரி ஆகிவிடும். பேட்ஜ், அதாவது விழா அனுமதி அட்டை, வாங்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு காட்சிக்கும் ஆன்லைனில் இடம் பிடிக்க வேண்டும். பேர் பெற்ற படங்களுக்கு இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும், கிடைக்காதவர்கள் கடைசி நேர வரிசையில் நின்று பார்க்க வேண்டியதுதான். தங்கும் இடத்தை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவிடுங்கள்.

ஆனால் அந்த அரங்கத்துக்குள் கிடைக்கும் உற்சாகத்தை வேறெங்கும் எதிர்பார்க்க முடியாது. படம் தொடங்குவதற்கு முன் பார்வையாளர்கள் காகித விமானம் செய்து மேடையை நோக்கி விடுவார்கள், ஒன்று மேடையைத் தொட்டுவிட்டால் அரங்கமே கைதட்டும். விளக்கு அணையும்போது மீன் மாதிரி வாயால் ‘பொப், பொப்’ என்று ஒலி எழுப்புவார்கள், திரையில் முயல் வந்தால் ‘முயல்!’ என்று பிரெஞ்சில் கத்துவார்கள். படம் தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் திரைக்குள் மூழ்கிவிடும். இரவில் ஏரிக்கரையில் பாக்கியே என்ற புல்வெளியில் பெரிய திரை கட்டி இலவசமாகப் படம் போடுவார்கள், அதற்கு பேட்ஜே தேவையில்லை.

லாத்வியாவைச் சேர்ந்த இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், தனியாளாகச் செய்து முடித்த ‘அவே’ படத்தோடு 2019-ல் ஆன்சிக்கு வந்தார். அந்த வருஷம் வழக்கத்துக்கு மாறான முழுநீளப் படங்களுக்கெனப் புதிதாகத் தொடங்கிய கோந்த்ரஷாம் பிரிவின் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2024-ல் ‘ஃப்ளோ’ படத்தோடு திரும்பி வந்து நான்கு விருதுகள் வாங்கினார், 2025-ல் அதே படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அந்தப் படம் செய்யப்பட்ட பிளெண்டர் மென்பொருளை இங்கே யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஜூனில் முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வசந்தத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், அங்கேயும் நகர நடுவில் திறந்தவெளித் திரையிடல் உண்டு, விஎஃப்எக்ஸ், அதாவது காட்சி விளைவுகள் செய்கிறவர்களுக்கான எஃப்எம்எக்ஸ் மாநாடும் அதே பருவத்தில் வரும். மார்ச்சில் வியன்னாவின் ட்ரிக்கி விமன், 2001-ல் பெண்களின் அனிமேஷனுக்கென்றே தொடங்கியது. செப்டம்பரில் சூரிச் பக்கத்திலுள்ள பாடன் ஊரின் ஃபான்டோஷ். இவற்றில் ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் குளிர்காலத் தொடக்கத்தில் நடக்கும் அனிமடேகாவைத்தான் சொல்வேன். மத்திய, கிழக்கு ஐரோப்பியப் படங்களுக்கு அவர்கள் கொடுக்கும் இடத்தைப் பெரிய விழாக்கள் கொடுப்பதில்லை.

சரி, விசா. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் குரோஷியா 2023 ஜனவரியில் வந்துவிட்டது. அதற்கு முன் ஸாக்ரெப்பையும் ஆன்சியையும் சேர்த்துத் திட்டமிடுவது நம் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தலைவலி, இப்போது ஒரே ஷெங்கன் விசா இரண்டுக்கும் போதும், நடுவில் ஜெனீவாவில் இறங்குவதற்கும் அதே விசாதான். சமீப வருஷங்களில் ஸாக்ரெப் முடிந்த கையோடு ஆன்சி தொடங்குகிறது, ஆனாலும் அந்தந்த வருஷத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டும் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் கொடுக்கலாம். கோடை நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.