பிரஷ் ட்ரில்லா, பிரஷ்லெஸ் ட்ரில்லா? முதலில் பற்றரியைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு விறாந்தையில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற இரைச்சல் கடல் இல்லை, கச்சான் காற்று. காலையிலிருந்து பனை மட்டைகளைப் போட்டு அடிக்கிறது. மைக்கில் காற்று ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள், உள்ளே வெளிச்சம் காணாது.

மேசையில் இரண்டு ட்ரில் கிடக்கின்றன. இரண்டையும் நேற்றிரவே கழற்றி வைத்துவிட்டேன். காரணம் என் மச்சான். தங்கச்சி குடும்பம் இங்கே திருகோணமலையில், பாலையூற்றில் புது வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. திரைச்சீலைக் கம்பி, சாமித்தட்டு, குசினித் தட்டு எல்லாம் இனித்தான் போட வேண்டும். அவர் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் நின்றுகொண்டு எனக்கு அழைப்பு எடுத்தார். "ரெண்டும் 18 வோல்ட், ரெண்டும் பார்க்க ஒண்டுதான். ஆனா ஒண்டு மற்றதைவிட கிட்டத்தட்ட ரெட்டிப்பு விலை. பிரஷ்லெஸ் எண்டு எழுதியிருக்கு. அந்தப் பிரஷ் எங்க இருக்கு, இல்லாட்டி என்ன?" என்று கேட்டார். "இப்ப வாங்காதீங்க, ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லிவிட்டு இதைக் கழற்றினேன். இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியது இல்லை.

கமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன். இதுதான் பிரஷ். பெயரைக் கேட்டுத் தும்பைத் தேடாதீர்கள். கரியும் கிராஃபைட்டும் சேர்த்து அமுக்கிச் செய்த சின்னக் கட்டி, காபன் பிரஷ் என்பார்கள். பின்னால் இருக்கிற சுருள்வில் அதை எப்போதும் முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். அது உரசுகிற இடம் இந்தச் செம்பு வளையம், கொமியூட்டேட்டர். கோடு கோடாகப் பிளந்திருப்பது தெரிகிறதா? மின்சாரம் கட்டியிலிருந்து செம்புக்குப் போய், அங்கிருந்து நடுவில் சுழல்கிற கம்பிச்சுருளுக்குப் போகிறது. சுழலச் சுழல அடுத்தடுத்த சுருள் மின்சாரம் எடுக்கும், சுற்றிவர இருக்கிற காந்தம் அதை இழுத்தும் தள்ளியும் ஓட வைக்கும். இதை விளங்கிக்கொள்ளப் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகமே போதும். இதன் அழகு அந்த எளிமைதான். விலை குறைவாக இருப்பதும் அதனால்தான்.

ஆனால் உரசல் இருந்தால் தேய்வு உண்டு, சூடு உண்டு, பொறியும் உண்டு. பொறியை இருட்டில் பார்க்கலாம். இரவில் லைட்டை அணைத்துவிட்டு ட்ரில்லை ஓடவிட்டு, பின்பக்கக் காற்றுத் துளைக்குள் பாருங்கள், நீலமாக மினுங்கும். நான் நேற்று எடுத்த வீடியோத் துண்டை இதில் போடுகிறேன்.

இப்போது மற்றது. இதில் எல்லாமே மாறி இருக்கும், உள்ளே உள்ளது வெளியே, வெளியே உள்ளது உள்ளே. காந்தம் நடுவில் சுழல்கிறது, கம்பிச்சுருள் வெளியே அசையாமல் இருக்கிறது. சுழலாத சுருளுக்கு மின்சாரம் கொடுக்க எதுவும் உரசத் தேவையில்லை. மூன்று வயர் போகிறது பாருங்கள், இந்த மின்சுற்றுப் பலகைக்கு. எந்த நேரத்தில் எந்தச் சுருளுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது இந்தப் பலகையின் வேலை. பிரஷும் கொமியூட்டேட்டரும் பிடிக்கிற இடம் மிச்சம் என்பதால் மெஷினின் பின்பக்கம் குட்டையாகிவிடும். அலுமாரிக்குள் கையை மடக்கி ஸ்குரு இறுக்குகிறவர்களுக்கு அந்த ஒன்றிரண்டு விரல்கடை பெரிய விஷயம்.

சூடு விஷயத்திலும் இது கெட்டி. பிரஷ் மோட்டாரில் சூடாகும் சுருள் நடுவில் அடைபட்டுக் கிடக்கிறது. பிரஷ்லெஸ்ஸில் அது வெளி ஓட்டோடு ஒட்டி இருப்பதால் சூடு சுருக்கென்று வெளியேறும். உரசலில் போகிற சக்தியும் மிச்சம். அதனால் அதே பற்றரியில் கூடுதல் நேரம் வேலை செய்யும். இதையெல்லாம் நான் மறுக்கவே இல்லை.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். 2021 இல் எங்கள் பின்கதவுக்குப் பூட்டுப் போட, ட்ரில்லில் ஹோல் சோ என்கிற துளை வாள் மாட்டித் துளை எடுத்தேன். கதவு நல்ல முதிரை மரம். வாள் பாதியில் இறுகி நின்றுவிட்டது. நான் விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்தேன். பிரஷ் மோட்டார் நின்ற நிலையிலும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சில நொடியில் கருகல் மணம், பிறகு புகை. அன்று நான் வைத்திருந்த பழைய ட்ரில் அதோடு முடிந்தது. பிரஷ்லெஸ் ட்ரில்லில் பெரும்பாலும் இந்தப் பலகையே சுமையை உணர்ந்து மின்சாரத்தை வெட்டிவிடும். விரலை எடுத்துத் திரும்ப அமுக்கினால் ஓடும். புதிதாகப் பழகுகிறவருக்கு அது நல்ல காவல்.

பொறியைப் பற்றி இன்னொன்று. திருக்கடலூர்ப் பக்கம் ஃபைபர் வள்ளம் திருத்துகிறவர்கள் இதைப் பார்ப்பீர்கள். ரெசின், அசிட்டோன், பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்தில் பிரஷ் ட்ரில் வேண்டவே வேண்டாம். பிரஷ்லெஸ் என்றால் பயமில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள், சுவிட்சிலும் பற்றரி முனையிலும் பொறி வரலாம். மெஷினை ஆவி இல்லாத காற்றோட்டத்துக்கு எடுத்து வந்து ஓட்டுங்கள்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் மச்சானைப் பிரஷ்லெஸ்ஸே வாங்கச் சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. ஏன் என்று இந்தக் கட்டியைப் பார்த்தால் தெரியும். கருகிய ட்ரில் வேறு. இது 2019 இல் வாங்கியது, முன்பு சொன்ன கதவில் இதை மாட்டவில்லை. இத்தனை வருட வீட்டு வேலைக்குப் பிறகும் பிரஷ் பாதிக்கு மேல் இருக்கிறது. ஒரு வருடத்தில் நான் விரலால் அமுக்கி ஓட்டிய நேரத்தைக் கூட்டினால் இரண்டு மூன்று மணி வந்தாலே அதிகம். ஆனால் இதற்கு இப்போது போட்டிருப்பது இரண்டாவது சோடி பற்றரி. பிரஷ் தேயவில்லை, பற்றரி செத்தது. பற்றரிக்குள் இருக்கிற லித்தியம் செல்லுக்கு ஓட்டினாலும் வயது போகும், ஓட்டாவிட்டாலும் வயது போகும். சூட்டில் இன்னும் வேகமாகப் போகும். எங்கள் ஊர்ச் சூட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரேவி புயல் குச்சவெளிப் பக்கம் கரை ஏறியது நினைவிருக்கும். எங்கள் குசினிக் கூரையில் இரண்டு தகரம் கிளம்பிவிட்டது. விடிந்தபோது கரண்ட் இல்லை, மழை நிற்கவில்லை. வயர் ட்ரில் பெட்டியில் சும்மா கிடந்தது. இந்தப் பிரஷ் ட்ரில்தான் தகரத்தை இறுக்கியது. எங்கள் வீட்டை முடித்து, பக்கத்து வீட்டு அம்மாவின் கூரையில் பாதி போகும்போது பற்றரி தீர்ந்தது. அப்போது என்னிடம் ஒன்றுதான் இருந்தது. மிச்சத்தைக் கல் தூக்கி வைத்து அமத்தினோம். அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை, எனக்குத்தான் மனது கேட்கவில்லை. அந்த இடத்தில் மோட்டார் பிரஷ்லெஸ்ஸாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச ஸ்குரு இறங்கியிருக்கும். இரண்டாவது பற்றரி இருந்திருந்தால் அந்தக் கூரையே முடிந்திருக்கும். 2022 இல் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களிலும் இதே பாடுதான்.

அதனால் மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். ஒரு பற்றரியோடு வருகிற பிரஷ்லெஸ்ஸைவிட, இரண்டு நல்ல பற்றரியோடு வருகிற பிரஷ் ட்ரில் வீட்டுக்கு உதவும். கையில் காசு தாராளமாக இருந்தால் பிரஷ்லெஸ்ஸும் இரண்டு பற்றரியும் எடுங்கள், சந்தோஷம். காசு ஒரு பக்கத்துக்குத்தான் காணும் என்றால் அதைப் பற்றரியில் போடுங்கள். எந்த நிறுவனத்தின் பற்றரியை எடுக்கிறீர்களோ, பிறகு வாங்குகிற மெஷினும் அந்தக் குடும்பத்திலேயே வாங்க வேண்டி வரும் என்பதையும் யோசியுங்கள். மக்கிட்டா பற்றரி பொஷ் மெஷினில் ஏறாது.

பற்றரியில்தான் ஏமாற்றும் அதிகம், இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு லித்தியம் செல்லின் சராசரி 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாக இணைத்தால் 18. முழுக்கச் சார்ஜ் ஏறினால் ஒவ்வொன்றும் 4.2, ஐந்துக்கும் 21. ஆகவே 18 வோல்ட் என்பதும், 20 வோல்ட் மேக்ஸ் என்பதும், 21 வோல்ட் என்பதும் ஒரே ஐந்து செல்தான். ஒன்று மற்றதைவிடப் பலம் இல்லை. அப்படியானால் 48, 88, 128 என்று பெரிய எழுத்தில் ஒட்டி, பெயர் தெரியாத பெட்டியில் விற்கிறார்களே, அது? கழற்றிப் பார்த்தால் அநேகமாக அதற்குள்ளும் அதே ஐந்தோ பத்தோதான். பத்து இருந்தாலும் இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து வரிசை, வோல்ட் மாறாது, ஓடுகிற நேரம் மட்டும் கூடும்.

அம்பியர்-மணி, அதாவது பற்றரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவும் அப்படித்தான். இந்த 18650 என்கிற செல், 18 மில்லிமீற்றர் அகலம், 65 மில்லிமீற்றர் நீளம். நல்ல செல்லே 3.5 அம்பியர்-மணிக்குக் கிட்டத்தான் தாங்கும். அப்படி ஐந்து செல் மட்டும் உள்ள மெல்லிய பெட்டியில் 6 என்றோ 9 என்றோ போட்டிருந்தால் அந்த எழுத்தை நம்ப வேண்டாம். கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு செல் ஏறக்குறைய 45 கிராம். பத்து செல் என்றால் செல் மட்டுமே அரைக் கிலோவுக்குக் கிட்ட வர வேண்டும். பற்றரி பஞ்சு மாதிரி இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பிரஷ்லெஸ் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வருகிறதும் உண்டு. அதற்குத்தான் முதலில் சொன்ன நீலப் பொறி. கடையில் நிழலான மூலைக்குப் போய், கையால் மறைத்து, காற்றுத் துளைக்குள் பாருங்கள். பொறி பறந்தால் அது பிரஷ். விற்கிறவர் கோபித்தால் கோபிக்கட்டும், காசு உங்களுடையது.

பழுது பார்ப்பதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கிறவன், அதனால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். பிரஷ் ட்ரில் எல்லாம் பழுது பார்க்க இலகு என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. உடம்பின் இரண்டு பக்கமும் வட்ட மூடி இருந்தால் ஸ்குரு டிரைவரால் திறந்து பிரஷை மாற்றலாம். பழைய கட்டியைக் கையோடு கொண்டு போய் அளவு பார்த்து வாங்குங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மூடி இல்லாத மலிவு ட்ரில்லில் மோட்டார் ஒரு மூடிய தகரக் குடுவை, தேய்ந்தால் மோட்டாரையே மாற்ற வேண்டும். பிரஷ்லெஸ்ஸில் பலகை போனால் பல மெஷினில் சுவிட்சும் மோட்டாரும் அதோடு சேர்ந்த ஒரே உறுப்பு, அதன் விலையைக் கேட்டால் புது மெஷினே வாங்கலாம் போல இருக்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றும் இரண்டுக்கும் எதிரி. அங்கே செம்பில் களிம்பு, இங்கே பலகையில் பச்சை. கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் வேலை முடிந்ததும் பற்றரி முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, மூடிய பெட்டியில் போடுங்கள். பிரஷ் ட்ரில்லை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, சுமை இல்லாமல் ஒரு நிமிடம் ஓட விட்டு வையுங்கள், செம்பு துப்புரவாகும்.

பற்றரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், பாதி அளவில் வையுங்கள். தகரக் கூரைச் சாமான் அறையில் வைக்கவே வேண்டாம். வேலை முடிந்து சூடாக இருக்கும்போது சார்ஜரில் ஏற்றாமல் ஆற விடுங்கள்.

கிரைண்டர் மட்டும் வேறு கதை. அது நீண்ட நேரம், முழுச் சுமையில், தூசிக்குள் ஓடுகிற சாமான். பற்றரிக் கிரைண்டர் வாங்குவதானால் பிரஷ்லெஸ்தான் வாங்குங்கள், பிரஷ் ஒன்று பற்றரியைக் குடித்துத் தீர்த்துவிடும். பலகை அறுக்கிற வட்ட வாள் மெஷினுக்கும் அதுவே. வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை கம்பி வெட்டுகிறவருக்கு வயர் கிரைண்டரே போதும். கொங்கிரீட் பீமில் துளை போட வேண்டும் என்றால் பிரஷ், பிரஷ்லெஸ் இரண்டையும் மறந்துவிடுங்கள். அதற்கு அடித்துத் துளைக்கிற ரோட்டரி ஹேமர் வேண்டும், ஒரு நாளைக்குத் தெரிந்த மேசனிடம் கேட்டு வாங்கலாம். சீமெந்துக் கல் சுவருக்கு ஹேமர் வசதி உள்ள சாதாரண ட்ரில் தாராளம்.

மச்சான் இன்றைக்குக் காலையில் வாங்கிவிட்டார். பிரஷ் ட்ரில், 18 வோல்ட், பக்கத்தில் மூடி இருக்கிறது, இரண்டு பற்றரி. மிஞ்சிய காசில் சீமெந்துக்கு உரிய நல்ல பிட் ஒரு கூடும், சுவர்த் துளைக்குள் ஸ்குரு பிடிக்கப் போடுகிற ரோல் பிளக்கும். ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றுக்குப் போகிறேன். முதலில் சாமித்தட்டு என்று தங்கச்சி சொல்லிவிட்டாள், திரைச்சீலைக் கம்பி அதற்குப் பிறகுதான். கமராவையும் கொண்டு போகிறேன்.