பேராதனையில் ஆய்வு செய்யப் போகிறீர்களா? காசும் நூலகமும்

(காட்சி: சரசவி உயன புகையிரத நிலையம். காலை ரயிலில் இருந்து மாணவர்கள் இறங்குகிறார்கள்.)

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஃபில். என்ற ஆய்வுப் பட்டம் செய்ய நினைக்கும் நம் மலையகத்துத் தம்பி தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, ஆய்வுக்குக் காசு எங்கே கிடைக்கும்?" நியாயமான கேள்வி. அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்த பிள்ளை, பட்டம் எடுத்த பிறகும் இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் இருப்பது லேசான காரியமா?

சரி, காசு வரும் வழியைச் சொல்கிறேன். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்றவை தரும் மானியம் பெரும்பாலும் மாணவர் பெயரில் வராது, விரிவுரையாளர் பெயரில்தான் வரும். ஆனால் அந்தத் திட்டத்துக்குள்ளே ஆய்வு உதவியாளர் என்று ஓர் இடம் இருக்கும், மாதக் கொடுப்பனவோடு. அதில் சேர்ந்துகொண்டே பட்டத்துக்கும் பதியலாம். அதனால் எந்த மானியம் என்று தேடுவதை விட, யாரிடம் இப்போது திட்டம் நடக்கிறது என்று விசாரியுங்கள். 1981இல் தொடங்கி, இப்போது ஹந்தானையில் இயங்கும் தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்திலும் இப்படித்தான் ஆய்வு உதவியாளர்கள் வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள். தேயிலை, மண், நோய் என்றால் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம். அந்த நிலையம் தொடங்கியது 1925இல்.

வரலாறு, சமூகவியல், தமிழ் படிப்பவர்களுக்கு இந்த வழி குறுகலானது. அவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. முதலில் நூலகத்தில் ஆய்வுக் கேள்வியைத் தேடுவோம், காசுக் கணக்கு அதற்குப் பிறகு.

(காட்சி: நூலக மேசை. திறந்து கிடக்கும் பழைய தடித்த புத்தகம்.)

இது ஃபெர்குசன் டைரக்டரி. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டங்களின் விபரக் கொத்து. தோட்டத்தின் பெயர், ஏக்கர் கணக்கு, துரையின் (தோட்ட நிர்வாகியின்) பெயர் என்று பக்கம் பக்கமாகப் போகும். என் பாட்டி பிறந்த தோட்டத்தை இதில் தேடிப் பிடித்தேன். ஏக்கர் இருந்தது, துரை இருந்தார். பாட்டியின் ஆட்கள் ஒருவர் பெயரும் இல்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

அப்புறம்தான் யோசித்தேன், நம் ஆட்களின் பெயர் வேறு எங்கே எழுதப்பட்டிருக்கும்? செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டில். தொழிலாளரைத் திரட்டி வந்த கங்காணியின் கடன் கணக்கில். துண்டில். துண்டு என்றால் தெரியுமா? இந்தத் தொழிலாளியின் கடனை அடைத்தால் அவரை விடுவிக்கிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு. அது கையில் இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். டைரக்டரியில் ஏக்கரை எடுத்து, செக்ரோலில் ஆட்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஓர் ஆய்வுக் கேள்வி தானாக எழும்.

இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி பேராதனை நூலகத்துக்கு வர வேண்டும். அதனால் கடையில் கிடைக்காத சின்னத் தமிழ் வெளியீட்டையும் இங்கே கேட்டுப் பார்க்கலாம். கண்டியில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் நூலகம் இருக்கிறது. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்திலேயே (தொழிலாளர் வரிசை வீட்டிலேயே) தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில் மலையக இதழ்களை வீட்டில் இருந்தே இலவசமாக வாசிக்கலாம்.

(காட்சி: கையால் எழுதிய வரவு செலவுத் தாள்.)

இவ்வளவும் பார்த்த பிறகு முன்மொழிவை எழுதுங்கள். "மலையக மக்களின் வாழ்வியல்" என்று எழுதினால் எவ்வளவு காசு வேண்டும் என்று உங்களாலேயே சொல்ல முடியாது. "மூன்று தோட்டம், இருபது வருடச் செக்ரோல்" என்று எழுதினால் கணக்கு கையில் வந்துவிடும்: பஸ் காசு, போட்டோப் பிரதி, குரல் பதியும் கருவி, தங்கும் இடம். அந்தத் தாளோடு போய் உங்கள் ஆய்வு மேற்பார்வையாளரைப் பாருங்கள்.

போகும் வழியில் நூலகரிடம் உங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம்.